ஒரே கொத்து, வேறு வேறு நட்சத்திரங்கள்

வணக்கம் மக்களே. கானாடுகாத்தானில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் நிற்கிறேன். மே மாதம், இரவு மணி பத்து. தலைக்குக் கொஞ்சம் தெற்கே பளிச்சென்று இருக்கிறதே, அது சித்திரை நட்சத்திரம். அங்கிருந்து நேர் தெற்கே இறங்கி வாருங்கள். அடிவானத்துக்கு மேல் முப்பது டிகிரி உயரத்தில், பைனாகுலரில் மங்கலாக ஓர் உருண்டை தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில், ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருங்கி நிற்கும் கோளக் கொத்து.

நம் பால்வெளியில் இப்படி 150க்கும் மேல் உண்டு. ஒரு கொத்தில் உள்ளதெல்லாம் ஒரே வாயு மேகத்தில் ஒன்றாகப் பிறந்தவை, எல்லாம் ஒரே மாதிரி என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை. இந்த ஊர் வளவு வீடுகளில் கூரை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அடுப்பு, தனிச் சமையல். கொத்துக்குள்ளும் அந்தக் கதைதான். பெரும்பாலான கொத்துகளில் இரும்பு எல்லாவற்றிலும் ஒரே அளவு. (ஒமேகா சென்டாரியில் அதுவும் மாறுகிறது. பால்வெளி விழுங்கிய ஒரு குட்டி நட்சத்திர மண்டலத்தின் நடுப்பகுதி இது என்று பலர் கருதுகிறார்கள்.) ஆனால் ஒரு கூட்டத்தில் ஆக்சிஜன் அதிகம், சோடியம் குறைவு. இன்னொரு கூட்டத்தில் சோடியமும் நைட்ரஜனும் ஏறி, ஆக்சிஜனும் கார்பனும் இறங்கியிருக்கும்.

ஹைட்ரஜன் நாலைந்து கோடி டிகிரி சூட்டில் எரியும்போது ஆக்சிஜன் நைட்ரஜனாகும், நியான் சோடியமாகும். சரி, அந்த நட்சத்திரமே தனக்குள் இதைச் செய்துகொண்டதா? 2001இல் என்.ஜி.சி. 6752 கொத்தில், இன்னும் ஊதிப் பெருக்காத சின்ன நட்சத்திரங்களைச் சிலியில் உள்ள வி.எல்.டி. தொலைநோக்கியால் பார்த்தார்கள். அவற்றிலும் அதே வித்தியாசம்! சூரியனின் நடுவிலேயே ஒன்றரைக் கோடி டிகிரிதான். அதைவிட எடை குறைந்த இவற்றுக்கு அவ்வளவு சூடு ஏது? அப்படியென்றால் பிறக்கும்போதே அந்த வாயு மாறியிருக்கிறது. இந்தத் துறையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சான்று இதுதான்.

அந்த வாயுவைக் கொடுத்தது யார்? சூரியனைப் போல் நாலு முதல் எட்டு மடங்கு எடையுள்ள நட்சத்திரங்கள் தங்கள் வயோதிகத்தில் உதறியது என்கிறார்கள் சிலர். வேகமாகச் சுழலும் ராட்சத நட்சத்திரங்கள் என்கிறார்கள் சிலர். இரண்டிலுமே கணக்கு இடிக்கிறது. பல கொத்துகளில் சோடியம் ஏறிய கூட்டம்தான் பாதிக்கு மேல். முதல் கூட்டத்துப் பெரிய நட்சத்திரங்கள் உதறிய வாயு முழுவதையும் சேர்த்தாலும் அத்தனை நட்சத்திரம் பிறக்கப் போதாது.