தைல மர இலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் கேப் ஜெர்விஸ் வரும். அங்கே காரோடு கப்பலில் ஏறினால், முக்கால் மணி நேரத்தில் கங்காரு தீவு. தீவு என்றதும் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். பரப்பு 4,400 சதுர கிலோமீட்டர். அதன் நடுவில் பார்ன்டானா என்ற சிற்றூர். அதன் அருகே ஒரு குடும்பம் நடத்திவரும் விலங்குப் பூங்காவுக்கு 2022 செப்டம்பரில் போயிருந்தேன்.

போகிற வழியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சாலையின் இருபுறமும் தைல மரங்கள் கரிக்கட்டைபோல நின்றன. ஆனால் ஒவ்வொரு தண்டிலும் அடியிலிருந்து உச்சிவரை தளிர் மண்டியிருந்தது. தைல மரம் தன் பட்டைக்கடியில் மொட்டுகளை ஒளித்துவைத்திருக்கும். மேலே எரிந்து போனால் அவை விழித்துக்கொள்ளும். காரை நிறுத்தி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். சின்ன வயதில் சளி பிடித்தால் அம்மா தேய்த்துவிடும் நீலகிரித் தைலத்தின் அதே வாசனை. ஊட்டியில் தைலம் காய்ச்சுகிற அதே நீலத் தைல மரத்தைத்தான் இந்தத் தீவிலும் தோட்டம் தோட்டமாக நட்டிருந்தார்கள்.

அந்த எண்ணெய்தான் காட்டுத் தீக்குத் தீனி. 2019 டிசம்பரில் மின்னல் விழுந்து பற்றிய தீ, 2020 ஜனவரி 3 அன்று காற்றோடு சேர்ந்து ஓடியது. இரண்டு பேர் இறந்தார்கள். சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் ஹெக்டேர், ஏறக்குறைய பாதித் தீவு, எரிந்தது. பூங்காவின் வாசலை நெருங்கும் அளவுக்குத் தீ வந்தது. அந்தக் குடும்பம் அங்கேயே இருந்தது. கங்காருவையும் கோலாவையும் தீக்கோழியையும் அவசரத்தில் எந்த வண்டியில் ஏற்றுவது? காற்று திசை மாறியதால் பூங்கா பிழைத்தது.

அப்புறம்தான் வேலை ஆரம்பித்தது. தீக்குள்ளிருந்து தூக்கி வந்த கோலாக்களை ஆட்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோலா கரடி என்று சொல்கிறோம். அது கரடி இனமே அல்ல. கங்காருபோல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பிராணி. துணி துவைக்கப் போடும் பிளாஸ்டிக் கூடைகளில் அவற்றை வைத்து, வெந்த கைகால்களுக்கு மருந்திட்டுக் கட்டினார்கள். கால்நடை மருத்துவர்கள் வந்தார்கள். ராணுவ வீரர்களும் வந்து கூண்டு கட்டினார்கள். மொத்தம் 600க்கும் மேற்பட்ட கோலாக்கள் அந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன.

இப்போது இலைக்கு வருகிறேன். கோலாவுக்கு வேறு சாப்பாடு கிடையாது. தினமும் அரைக் கிலோவாவது தைல மர இலை, அதுவும் புதிதாக வெட்டியதாக வேண்டும். தண்ணீரும் பெரும்பாலும் அந்த இலையிலிருந்தே கிடைக்கிறது. பாதித் தீவு எரிந்து கிடக்கையில், எரியாத மரத்தைத் தேடித் தேடிக் கிளை ஒடித்து வர வேண்டும். நாளைக்கு வேண்டுமென்றால் நாளைக்கு மறுபடி போக வேண்டும். தாயை இழந்த குட்டிகளின் பாடு இன்னும் கடினம். இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தாயின் மென்மையான எச்சத்திலிருந்துதான் குட்டிக்குப் போகும். தாய் இல்லாவிட்டால் அந்த வேலையையும் மனிதர்கள்தான் செய்தாக வேண்டும். தீயை அணைத்தவர்களை உலகமே பார்த்தது. இலை வெட்டப் போனவர்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோலா இந்தத் தீவின் பூர்விகப் பிராணி அல்ல, அதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோலுக்காகக் கோலாவை வேட்டையாடித் தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1920களில், விக்டோரியா மாநிலத்திலிருந்து 18 கோலாக்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகின. மரங்களை மொட்டையாக்கும் அளவுக்குப் பெருகியதால் 1997 முதல் அரசே கருத்தடை செய்தது. தீக்கு முன்பு சுமார் 50,000 இருந்தன என்பது கணக்கு. பெரும்பகுதி தீயில் போய்விட்டது. ஆனால் பெருநிலத்துக் கோலாக்களைக் கிளமிடியா என்ற நோய் அரித்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தீவுக் கூட்டத்தில் அந்த நோய் இல்லை. அதனாலேயே இவற்றைக் காப்பது எல்லாக் கோலாக்களுக்கும் செய்கிற காரியம் என்று நான் நினைக்கிறேன். அதை விடுங்கள்: கை வெந்து நிற்கும் உயிரிடம் உன் சொந்த ஊர் எது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தீ அணைந்து சில வாரங்களில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நாட்டு எல்லையையே மூடினார்கள். பூங்காவுக்கு வழக்கமான வருமானம் பார்வையாளர் கொடுக்கும் டிக்கெட் காசுதான். நான் வாசலில் டிக்கெட் வாங்கியபோது அந்த மாதங்களை நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு கோலாவின் எதிரே வெகுநேரம் நின்றேன். கோலாவின் கையில் இரண்டு கட்டைவிரல்கள் உண்டு. கிளையைப் பிடிக்க அப்படி ஓர் அமைப்பு. இதன் உள்ளங்கையில் கறுப்புத் தோலுக்கு நடுவே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். ஒரு விரலில் நகம் இல்லை. நகம் போனால் மரம் ஏற முடியாது, மரம் ஏறாவிட்டால் இலை கிடையாது. அங்கே வேலை செய்த பெண் ஒருவர் அன்று காலை வெட்டிய கிளைகளை வாளித் தண்ணீரில் செருகிவிட்டு நகர்ந்தார். கோலா மெல்லக் கையை நீட்டி ஓர் இலையை மூக்கருகே இழுத்து முகர்ந்தது. பிடிக்கவில்லை, விட்டுவிட்டது. அடுத்ததை முகர்ந்தது. அதையும் விட்டது. மூன்றாவது கொத்தைப் பிடித்து இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தது.