உறைபனிக் காலையும் ஆயில் ஃபில்டரும்

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவன் நான். காரின் இன்ஜின் ஆயிலை வடிகட்டும் ஆயில் ஃபில்டரை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், அதை வீட்டு வாசலிலேயே எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்தரை உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும் காலைகளை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜினுக்குள் இரண்டு மூன்று விநாடிகள் கடகடவென்று ஓர் உலோகச் சத்தம் எழுந்து, பிறகு தானாக அடங்குவதைச் சிலர் கேட்டிருக்கலாம். குளிருக்கு இது வழக்கம்தான் என்று விட்டுவிடுகிறோம். இன்ஜினுக்குள் வேறு தேய்மானமும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஃபில்டர் மாற்றிய பிறகு புதிதாகத் தொடங்கிய சத்தம் என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வைத்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஆயில் ஃபில்டர் ஒரு தகர டப்பா, அவ்வளவுதான். கழற்றிய பழைய ஃபில்டர்கள் சிலவற்றை ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே விசிறிபோல் மடிக்கப்பட்ட காகிதமும், அதைத் தவிர இரண்டு வால்வுகளும் இருக்கும். முதலாவது, இன்ஜின் நின்றபின் ஃபில்டரில் உள்ள ஆயில் வடிந்து கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்குத் திரும்பிவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. ஃபில்டர் படுக்கை வாட்டிலோ சாய்வாகவோ பொருத்தப்பட்ட வண்டிகளில் இதுதான் காவல். மட்டமான ரப்பர் சில மாதங்களில் இறுகிப்போகும். அப்போது இரவு முழுவதும் ஆயில் வடிந்து, காலையில் பம்ப் முதலில் வெறும் டப்பாவை நிரப்பிவிட்டுத்தான் பேரிங்குகளுக்கு ஆயிலை அனுப்ப முடியும். இரண்டாவது, பைபாஸ் வால்வு. குளிரில் ஆயில் கெட்டியாகிக் காகிதத்தின் வழியே போக மறுக்கும்போது இது திறந்துகொண்டு, வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு அனுப்பும். ஆயிலே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்பதுதான் கணக்கு. அதன் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறுபடும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் ஆயில் எப்போதும் வடிகட்டப்படாமலே ஓடும். அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் காகிதம் நசுங்கும்.

ஆகவேதான், 'மரை பொருந்துகிறது, போட்டுக்கொள்ளுங்கள்' என்று கடையில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்கிறேன். ஒரே மரையும் ஒரே உயரமும் உடைய இரண்டு ஃபில்டர்கள் வால்வில் வேறுபடலாம், அது வெளியே தெரியாது. வண்டியின் கையேட்டில் உள்ள பாகத்தின் எண்ணைச் சொல்லி, பில்லுடன் வாங்குவதே சரி. அட்டைப்பெட்டியின் அச்சு மங்கலாக இருந்தாலோ, விலைச்சீட்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆயிலின் தரக்குறியிலும் டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். அது சிறிதாக இருந்தால் குளிரில் ஆயில் எளிதாக ஓடும். கையேடு அனுமதிக்கும் தரங்களில் சிறிய எண் உள்ளதை வாங்குவது உதகைக்காரர்களுக்கு நல்லது.

எப்போது மாற்றுவது? பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது என்று கையேட்டில் இருக்கும். கடுமையான பயன்பாடு என்றால் முன்கூட்டியே மாற்றச் சொல்லும் வரியும் அதிலேயே இருக்கும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவது மட்டும்தான் கடுமையான பயன்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மார்க்கெட்டுக்குப் போய்வந்து நிறுத்தப்படும் காரும் அந்தக் கணக்கில்தான் சேரும், ஏனென்றால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைக்கப்படுவதால், உள்ளே படிந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஆயில் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். வெண்ணெய் கலங்கியதுபோல் பசை ஒட்டியிருந்தால் அது இந்த ஈரமாக இருக்கலாம். அத்துடன் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துவந்தால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என் காருக்கு நான் 5,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். நம் ஊரில் சமதளம் தேடுவதே பாதி வேலை; சரிவில் நிறுத்தினால் பழைய ஆயில் முழுவதும் வடியாது, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கும் பொய் சொல்லும். கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது; உறுதியான இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பிலேயே விடுங்கள். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஆயிலை இறக்குங்கள். ஆயிலை வடிக்கக் கழற்றிய டிரெயின் நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்ற பட்டை ஸ்பேனர் உதவும்; புதியதை மாட்டுவதற்கு அதைத் தொடவே கூடாது.

பழைய ஃபில்டர் கையில் வந்ததும் அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நான் பார்க்கவில்லை. வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிட்டேன். வாசலில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கட்டபெட்டு நெருங்கும்போது பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்தி, "சார், ரோடெல்லாம் ஆயில் கொட்டிட்டு வருது, பாக்கலையா?" என்றார். அதே நேரத்தில் டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்தது. உடனே அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. வளைவில் கறுப்புக் கோடாகக் கிடந்த ஆயிலில் ஸ்கூட்டர்கள் சறுக்கிவிடாமலிருக்க, நானும் அவரும் ஓரத்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டோம்.

ஆகவே இன்ஜினில் ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்த பிறகே புது ஃபில்டரை எடுங்கள். வளையத்தில் புது ஆயிலைத் தடவுங்கள். கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று, அல்லது டப்பாவின்மேல் அச்சிட்டுள்ள அளவு இறுக்கினால் போதும். கையேடு சொல்லும் அளவில் ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டால் சில விநாடிகளில் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அணையவில்லையென்றால் இன்ஜினை நிறுத்துங்கள். அணைந்தால் அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்து, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் அளவைச் சரிபாருங்கள்.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடையுள்ள நம் மாவட்டத்தில் வேறு பாத்திரம் தேட வேண்டாம். ஃபில்டரைக் கவிழ்த்து இரவு முழுவதும் வடியவிட்டு, இரண்டையும் பழைய ஆயிலை முறையாகச் சேகரித்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். குன்னூரில் சாக்கடையில் ஊற்றியது ஆற்றோடு இறங்கிப் பவானியில் கலக்கும். அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறார்கள்.

அன்றிரவு இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். காலையில் அதில் பனி ஈரம் மட்டும் இருந்தால் வண்டியை எடுக்கலாம். கறுப்புச் சொட்டு இருந்தால், அது ஃபில்டருக்கு அடியிலா, டிரெயின் நட்டுக்கு அடியிலா என்பதையும் அந்தத் தாளே காட்டிவிடும். வணக்கம்.