பூ வாடிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

பூக்களைப் பற்றிப் பேசச் சொன்னால் நிறம், மணம், தேனீ என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. தேனீ பறந்ததும் நம் கவனமும் கூடவே பறந்துவிடுகிறது. இதழ் உதிர்ந்தால் பூவின் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். செடிக்குப் பெரிய வேலை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பூப்பதற்கான காலத்தைப் பல செடிகளில் இலைகள்தான் கண்டுபிடிக்கின்றன. இரவு நீள்வதையும் குறுகுவதையும் அவை உணரும். நேரம் வந்ததும் ஒரு புரதத்தை உண்டாக்கித் தண்டின் நுனிக்கு அனுப்பும். அதுவரை இலையாக விட்டுக்கொண்டிருந்த நுனி, மொட்டு வைக்கத் தொடங்கும். பல பத்தாண்டுத் தேடலுக்குப் பிறகு, சேதி கொண்டுபோவது இந்தப் புரதம்தான் என்று 2007-ல் தெளிவாயிற்று.

சரி, பூ மலர்ந்தது. காற்றோ பூச்சியோ மகரந்தத்தைக் கொண்டுவந்து, பூவின் பெண்பகுதி நுனியான சூல்முடியில் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் விதையாகப் போகும் சூல் இருப்பது கீழே, சூற்பைக்குள். மகரந்தத் தூளுக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. அங்கே ஈரம் பட்டதும் தூள் உப்பி, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முளைத்து, சூலகத் தண்டுக்குள் புகுந்து இறங்குகிறது. 1824-ல் இத்தாலியரான ஜியோவன்னி அமீச்சி, பருப்புக்கீரைப் பூவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் குழாயைக் கண்டார்.

மக்காச்சோளக் கதிரின் நுனியில் கொத்தாகத் தொங்கும் இழைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. ஓர் இழை 30 சென்டிமீட்டர்கூட நீளும். அதன் நுனியில் விழுந்த மகரந்தம் ஏறத்தாழ ஒரே நாளில் அவ்வளவு தூரமும் குழாயை வளர்த்து உள்ளே சேர்த்துவிடுகிறது. கதிரை உரிக்கும்போது நடுவே அங்கங்கே பொக்கையாக இருந்தால், அந்த இடத்து இழைக்குப் பெரும்பாலும் மகரந்தம் கிடைக்கவில்லை என்று பொருள். எல்லாச் செடிக்கும் இந்த அவசரம் கிடையாது. செவ்வோக் மரங்களில் மகரந்தம் வந்து சேர்ந்த பிறகு கருவுற ஓராண்டுக்கு மேல் ஆகும்.

இருட்டுக்குள் இறங்கும் குழாய்க்கு வழி யார் காட்டுகிறார்கள்? சூலுக்குள் இருக்கும் பெண் செல்லான அண்ட செல்லின் பக்கத்தில் இரண்டு உதவி செல்கள் உண்டு. அவை சிறிய புரதங்களைக் கசியவிட்டுக் குழாயை அழைக்கின்றன. தொரேனியா என்ற செடியில் அண்டம் உள்ள பகுதி சூலுக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும். இதை நேரில் பார்க்க அது வசதி. அந்தச் செடியைக் கொண்டுதான் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தினர் 2009-ல் அந்தப் புரதங்களைப் பிரித்தறிந்தார்கள்.

குழாய் கொண்டுவருவது ஒன்றல்ல, இரண்டு ஆண் செல்கள். முதலாவது அண்டத்தோடு சேர்ந்து கரு ஆகிறது. இரண்டாவது வீண்போவதில்லை. சூலின் நடுவில் இருக்கும், தாய்க்கு உரிய இரண்டு துருவ உட்கருக்களோடு அது சேர, கருவூண் உண்டாகிறது. வளரும் கருவுக்கான கட்டுச்சோறு அது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் கீவ் நகரில் இருந்த செர்கேய் நவாஷின், லில்லிப் பூக்களில் கண்டு சொன்னார். தாவர உலகில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரியாது. கருவுறுதல் நடந்தால்தான் உணவுச் சேமிப்பே தொடங்கும். இல்லாத பிள்ளைக்காகத் தாய்ச்செடி செலவு செய்வதில்லை.

ஆக, ஒரு விதைக்குள் மூன்று பங்காளிகள். விதையுறை முழுக்கத் தாயின் திசு. கருவில் தாய்க்கும் தந்தைக்கும் பாதிப் பாதி. கருவூணில் தாய்க்கு இரண்டு பங்கு, தந்தைக்கு ஒன்று. நெல், கோதுமை மணிகளில் பெரும்பகுதி இந்தக் கருவூண்தான். தேங்காயின் பருப்பும் அதன் நீரும்கூட அதுதான். 1941-ல், விதைக்கு வெளியே எடுத்து வளர்த்த ஊமத்தை இனத்து இளங்கருக்களுக்கு ஆய்வாளர்கள் ஊட்டியது தேங்காய்நீரைத்தான். அவரையில் கதை வேறு. அங்கே கரு முன்கூட்டியே எல்லாவற்றையும் உறிஞ்சித் தன் விதையிலைகளில் வைத்துக்கொள்ளும்.

ஓர் அவரை விதையை ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, மெல்ல அழுத்திப் பாருங்கள். காம்பு ஒட்டியிருந்த தழும்பின் பக்கத்தில் ஊசிமுனை அளவு துளையிலிருந்து நீர் கசியும். அதுதான் சூல்துளை. பெரும்பாலான பூச்செடிகளில் மகரந்தக் குழாய் உள்ளே நுழைவது அதன் வழியாகத்தான்.

விதை முதிரும்போது நீரை இழந்து காய்கிறது, கரு வளர்வதை நிறுத்திக்கொள்கிறது. கண்டல் மரங்கள் மட்டும் பொறுப்பதில்லை. விதை மரத்திலேயே முளைத்து நீளமாகத் தொங்கும். மற்றவை காய்ந்த விதையை வெளியே அனுப்பும் வழியைப் பார்க்கின்றன. காசித்தும்பைக் காய் தொட்டவுடன் வெடித்துச் சுருண்டு விதையைத் தெறிக்கும். எருக்கு விதை பட்டுமயிரோடு காற்றில் போகும். நெருஞ்சி முள் கிடைத்த காலில் ஏறிக்கொள்ளும்.

தூரத்தை மட்டுமல்ல, காலத்தையும் விதை கடக்கும். இஸ்ரேலின் மசாதா கோட்டை அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை ஒன்றை 2005-ல் ஊன்றினார்கள். முளைத்தது ஓர் ஆண் மரம். அதன் மகரந்தத்தை, அதே வட்டாரத்தில் கிடைத்த இன்னொரு பழைய விதையிலிருந்து வளர்ந்த பெண் மரத்தின் பூக்களில் சேர்த்தார்கள். 2020-ல் அது காய்த்தது.

நன்றி, வணக்கம்.