சைலன்சர் மாற்றிய பின் வெடிக்கும் வண்டி

வணக்கம். 'வண்டிக்குப் புது சைலன்சர் போட்டேன் அண்ணே, அன்னையிலேருந்து பட்டு பட்டுன்னு வெடிக்குது' என்று சொல்லிக்கொண்டு என் பட்டறைக்கு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதைப் பற்றியே பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டுக்கொண்டார்கள். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். புல்லட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் பெரும்பாலும் புல்லட் வேலை பார்ப்பவன். 1955-லிருந்து நம் சென்னையில் கட்டப்படும் வண்டி அது. அதை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் சத்தத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு அந்தச் சத்தமும் போதவில்லை என்று கோல்ட்ஸ்டார், ஷார்ட் பாட்டில், இந்தோரி என்று ஏதாவது ஒரு சைலன்சரை மாட்டிக்கொள்கிறார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி அப்புறம் வெடிக்க ஆரம்பிக்கிறது.

எப்போது வெடிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். மேம்பாலத்தில் ஏறும்போது இருக்காது. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விடுவீர்கள் அல்லவா, அப்போதுதான். கை விட்டுவிட்டது, ஆனால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போகும் பெட்ரோல் மிகக் குறைவு. பிளக் பொறி விட்டாலும் ஒவ்வொரு தடவையும் அது பற்றுவதில்லை. பற்றாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குள் போய்விடுகிறது. புகைந்துகொண்டிருக்கிற விறகடுப்பில் ஊதுகுழலை வைத்து ஒரு ஊது ஊதினால் பக்கென்று தீ பிடிக்கிறதே, சைலன்சருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. சூடு இருக்கிறது, எரியாத பெட்ரோல் இருக்கிறது. குறை காற்று மட்டும்தான். அது எங்கிருந்தோ கிடைத்தால் டமார்.

கம்பெனி சைலன்சரிலும் இந்த வெடி கொஞ்சம் இருந்திருக்கும். உள்ளே இருக்கிற தடுப்புகள் அதை வெளியே கேட்க விடவில்லை. புதுசில் தடுப்பு குறைவு, அதனால் எல்லாம் காதுக்கு வருகிறது. ஆகவே எப்போதாவது லேசாக ஒரு 'புட்' கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி வெடித்தால்தான் வைத்தியம் வேண்டும்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஜாயின்டிலிருந்து. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில், புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப் சேரும் இடத்தில் ஒரு ரிங் இருக்கும், பேக்கிங் என்றும் சொல்வோம். ஒருமுறை முறுக்கியதும் அது நசுங்கி அந்த இடத்துக்கு ஏற்றபடி உட்கார்ந்துவிடும். கழற்றி மறுபடி மாட்டினால் அதே மாதிரி உட்காராது. ஆனால் சைலன்சர் மாற்றுகிற கடைகளில் பழைய ரிங்கையே போட்டு முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்த இடுக்கு வழியாகப் புகை வெளியே போகும். புகை போன மறுகணம் பைப்புக்குள் இழுப்பு உண்டாகும், அதே இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வரும்.

ஒரு வங்கி ஊழியர் கிளாசிக் 350 கொண்டுவந்தார். இரவு வேலை முடிந்து தெருமுனை திரும்பினால் நாய்கள் குரைக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். அவருடைய அப்பாவும் கூடவே வந்திருந்தார், மகன் இந்த முறையாவது உருப்படியான இடத்துக்குப் போகிறானா என்று பார்க்க. ஏற்கெனவே ஒரு கடையில் பிளக்கை மாற்றியிருக்கிறார்கள். இன்னொரு கடையில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளை, அதாவது மெயின் ஜெட், அதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நேயர்களே, மெயின் ஜெட்டின் ஆதிக்கம் ஆக்சிலரேட்டரை முக்கால்வாசிக்கு மேல் திருகும்போதுதான். வெடிப்பதோ கையை விட்டபோது! அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மைலேஜ் குறைந்தது, பிளக் கரியாகிப் போனது, வெடி மட்டும் அப்படியே இருந்தது. அடுத்தது கார்புரேட்டரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் டார்ச் அடித்து ஹெட் ஓரத்தைப் பார்த்தேன். பைப்பைச் சுற்றி மை தீட்டியது போல ஒரு கரிக்கோடு. புகை கசிந்த தடம். புது ரிங் போட்டேன். மெயின் ஜெட்டைப் பழையபடி ஆக்கினேன். எல்லா போல்ட்டையும் முதலில் லூசாகவே விட்டு, எஞ்சின் பக்கத்தை இறுக்கி, அப்புறம் நடு கிளாம்ப், கடைசியாகத்தான் பின்னால் தாங்கும் பிராக்கெட். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் பைப் கோணலாக நின்று ரிங்கில் சரியாக உட்காராது. ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி ஒரு இறுக்கு. அவ்வளவுதான். பெரியவர் ரிங்கின் விலையைக் கேட்டார். சொன்னேன். மகனை ஒரு பார்வை பார்த்தார், அதை வானொலியில் சொல்ல முடியாது.

முதலில் ரிங், அப்புறம்தான் கார்புரேட்டர். வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணி மடிப்பால் ஒரு கணம் அடையுங்கள். கசிவு இருந்தால் ஜாயின்டில் புஸ்ஸென்று கேட்கும். சூடான வண்டியில் இதைச் செய்யாதீர்கள், கை போய்விடும்.

ரிங் சரி, கசிவு இல்லை, இன்னும் வெடிக்கிறது என்றால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, எங்கள் பாஷையில் லீன். பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இப்போது பம்புகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அதனால் பழைய கார்புரேட்டர் வண்டியில் அதே ஜெட்டிலேயே கலவை கொஞ்சம் லீன் ஆகிவிடும். சைலன்சர் மேல் மட்டும் பழியைப் போட வேண்டாம்.

திருத்த வேண்டியது கார்புரேட்டரில் இருக்கிற பைலட் ஸ்க்ரூவை, ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது போகும் கலவையைச் சரிசெய்கிற திருகு அது. எந்தப் பக்கம் திருப்புவது? ஸ்க்ரூ எஞ்சின் பக்கமாக இருந்தால் வெளியே திருப்பத் திருப்ப பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால், பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டின் மிக்கார்ப் கார்புரேட்டர் மாதிரி, உள்ளே திருப்பினால்தான் கூடும். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, கால் சுற்று திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. அதற்கும் அடங்கவில்லை என்றால் பைலட் ஜெட், அதாவது அந்த நேரத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை, அதை ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் விரிசல் விட்டிருந்தாலும் காற்று உள்ளே போகும், அதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இன்னொன்று. சில பையன்கள் ஓடும்போதே சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டு வேண்டுமென்றே வெடிக்க வைக்கிறார்கள். அணைத்த நேரம் முழுக்கப் பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்து, பொறி வந்ததும் ஒரே வெடி. சைலன்சரின் உள் தகடு கிழிந்து வருகிற வண்டிகள் பெரும்பாலும் இவர்களுடையவை. இவர்களுக்கு நான் வேலை பார்ப்பதில்லை, சொல்லியே அனுப்பிவிடுவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். பழைய இரும்பு எஞ்சினின் பாயிண்ட், டைமிங் பற்றி நிறைய வைத்திருந்தேன், போகட்டும். 2020 ஏப்ரலுக்குப் பின், பிஎஸ்6 என்கிற புகை விதிப்படி வந்த வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. புது சைலன்சரில் அதற்கு முன்னால் கசிந்தால் காற்று அதிகம் என்று கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். அங்கேயும் முதலில் ரிங்தான். அப்புறம் சட்டம்: 175 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குக்குத் தயாரிப்பு நிலையில் சத்த வரம்பு 80 டெசிபல். ஒலி விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கும் ஆபத்து. கழற்றிய கம்பெனி சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், 15 வருடம் கழித்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது தேடுவீர்கள். துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி, வாயில் துணியை அடைத்துப் பரணில் போட்டு வையுங்கள். சரி, கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வணக்கம்.