ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரையிலேயே கூட்டத்தைக் கலகலக்க வைத்துவிட்ட செயலாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, பாளையங்கோட்டை வணிகப் பெரியோர்களே, இந்த வெயிலிலும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். பொன்னாடை போர்த்திய அன்பர்களுக்குத் தனி நன்றி.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி, அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது, பிள்ளைகளின் பல்.

முதலில் அளவு. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே சீனி இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம். தலை தட்டிய டீஸ்பூன் ஒன்று 4 கிராம். குவித்து அள்ளினால் 6, 7 கிராம் வந்துவிடும். ஆக, 25 கிராம் என்பது தலை தட்டி ஆறு ஸ்பூன். நம் வீட்டுக் கை அள்ளினால் நாலு. பாலும் முழுப்பழமும் இந்தக் கணக்கில் சேராது. தேன், வெல்லம், கருப்பட்டி, பிழிந்த பழச்சாறு எல்லாம் சேரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீனி சேர்க்கவே வேண்டாம்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று சொல்லிவைத்தவர் தாமிரபரணிக் கரைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

டவுனில் ஒரு டீக்கடை. அண்ணாச்சி ஒருவர் தெருமுனையில் வரும்போதே சத்தம் கொடுப்பார்: "சீனி போடாம ஒரு டீ குடும்வே. டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு." கடையே திரும்பிப் பார்க்கும், என்ன கட்டுப்பாடு என்று. டீ வருமுன் கண்ணாடி ஜாடிக்குள் கை போகும். ஒரு தேங்காய் பன். "வெறும் டீ தொண்டையில எறங்குமாவே?" பன் முடிந்ததும் கருப்பட்டி அதிரசம் ரெண்டு. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, சுகரு இருக்குன்னு சொன்னியளே?" "ஏவே, இது கருப்பட்டி! பனையில இருந்து வருது. சீனி ஆலையில இருந்துல்லா வருது!" போகும்போது வீட்டுக்கென்று கால் கிலோ அல்வா. துட்டு கொடுக்கையில் கேட்டாராம்: "டீயில சீனி போடலல்லா, அதுக்கு ஏதாவது கொறைப்பீரா?"

சிரிக்கிறீர்கள். அண்ணாச்சியின் வாதம் நம் எல்லார் வீட்டிலும் ஓடுகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆனாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள்தான். தாதுச்சத்து உண்டு, சொற்பம். அல்வாவுக்குக் கோதுமை ஒரு பங்கு என்றால் சீனி இரண்டரை, மூன்று பங்கு போகிறது. கிண்டி முடித்தபின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. 50 கிராம் அல்வா சாப்பிட்டால் அன்றைய 25 கிராம் தீர்ந்தது. சாப்பிடுங்கள், அன்றைக்குக் காப்பியில் சீனியை விட்டுவிடுங்கள்.

ரேஷனில் அரிசி அட்டைக்கு மாதம் ஆளுக்கு 500 கிராம் சீனி, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. நாலு பேர் வீட்டில் அது நாளொன்றுக்கு ஆளுக்கு 17 கிராம் போல. மளிகைக் கடையில் இன்னொரு கிலோ வாங்கினால், வீட்டு டப்பாவிலேயே 25 கிராம் முடிந்தது. பிஸ்கட், கலர், கல்யாணப் பந்தி எல்லாம் அதற்கு மேல்தான். 250 மில்லி குளிர்பானத்தில் மட்டும் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். பாக்கெட்டுக்குப் பின்னால் 'ஆடட் சுகர்ஸ்', அதாவது சேர்த்த சீனி என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் 100 கிராமுக்கு எழுதியிருப்பார்கள், பாக்கெட் எடையோடு பெருக்கி 100ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் ஊர் ஊராகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன்: சீனி தனி! கல்யாண வீட்டில் பால் அண்டாவிலேயே சீனியைக் கொட்டிவிடுகிறார்கள். 100 காப்பிக்கு ஒன்றரைக் கிலோ என்றால் தம்ளருக்கு 15 கிராம். வேண்டாம் என்பவருக்கும் அதே 15. சீனி போடாமல் கலந்து, ஒரு கிண்ணத்தில் சீனியும் சின்ன ஸ்பூனும் வையுங்கள். பெரிய கரண்டி வைத்தால் திட்டம் கெட்டது. காப்பி ஆறிப்போனால் சீனி அடியில் தங்கும், இனிப்பு தெரியாமல் இன்னொரு ஸ்பூன் போடுவார்கள். ஆகவே சூடாகக் கொடுங்கள், நன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழைய அளவே திரும்பும். வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

சீனியை ஒழிக்கச் சொல்லவில்லை. இன்சுலின் போடுகிறவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்கினால், நினைவோடு இருக்கும்போதே 15 கிராம் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, ஏறவில்லையென்றால் திரும்பவும் அதே அளவு. அந்த நேரத்தில் அல்வா உதவாது, நெய் சேர்ந்தால் சீனி ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பல்லை டாக்டர் ஐயா பார்த்துக்கொள்வார்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. இந்த வருஷம் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் 'சீனி தனி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். சமையல்காரரிடம் பட்டியல் கொடுக்கும்போது காப்பித்தூளுக்குக் கீழேயே அதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.