வரப்பில் நடந்த கால்கள்

வணக்கம். பின்னால் தெரிவது எங்கள் வயல், திருவையாறு பக்கம். சம்பா நட்டு 20 நாள்தான் ஆகிறது. நான் நிற்கிற இந்த வரப்பு ஒரு அடி அகலம்கூட இருக்காது. அப்பா 68 வயது வரைக்கும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இதே வரப்பில்தான் மடை திருப்பப் போவார். ஒரு நாளும் சறுக்கியதில்லை.

அப்புறம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். அப்பா வீட்டோடு இருந்தார், நாற்காலியும் டிவியுமாக. மூன்றே வருஷம். போன ஐப்பசியில் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படி தடுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, மணிக்கட்டோடு போயிற்று. வந்தவர்கள் எல்லோரும் "வயசாச்சுல்ல" என்றார்கள். அந்தப் பதிலில் எனக்கு மனசு ஆறவே இல்லை.

நாம் நேராக நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடத்திலிருந்து சேதி போகிறது. ஒன்று கண். இன்னொன்று உள்காது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று அதுதான் சொல்லும். மூன்றாவது பாதமும் கால் மூட்டுகளும். ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். அப்பாவுக்கு 15 வருஷமாகச் சர்க்கரை. நரம்பு பாதித்து, செருப்பு கழன்றால்கூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. பகலில் கண் அதைச் சமாளித்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை, கண்ணும் கைவிட்டது. மூன்று வருஷம் உட்கார்ந்தே இருந்ததில் தொடையிலும் வலு இல்லை, தடுக்கியபோது காலை எட்டிவைத்து ஊன்ற முடியவில்லை. வயசு ஒரு காரணம், சரி. மற்றதையெல்லாம் நாம் கவனித்திருக்கலாம்.

பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கச் சொன்ன ஆய்வு 2022இல் வந்தது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்த சில வருஷங்களில் அவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. நிற்க முடியாததால்தான் இறந்தார்கள் என்று அர்த்தம் இல்லை, பயந்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் அம்மா அப்பாவை ஒரு தடவை நிற்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

விழுந்த பிறகு அப்பா பயிற்சி செய்ய ஆரம்பித்தார், திண்ணைத் தூண்தான் துணை. அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார். பழகப் பழக முழுக்கை போய் இரண்டு விரல், அப்புறம் ஒரு விரல். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 தடவை. அப்புறம் கூடத்தில் டைல்ஸ் கோட்டின் மேல், ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடுகிற மாதிரி அடி வைப்பது. யோசித்துப் பார்த்தால் அது வரப்பு நடைதான்! அதைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒன்று முக்கியம். எழுந்ததும் கண் இருட்டினால் அது பிரஷர் மாத்திரையாலும் வரலாம். படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது என்றால் உள்காதில் சிக்கல் இருக்கலாம். இரண்டுக்கும் டாக்டரிடம் போங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ராத்திரிக்கு பாத்ரூம் வழியில் சார்ஜ் விளக்கு ஒன்று மாட்டுங்கள். நாங்கள் அப்பா விழுந்த பிறகுதான் மாட்டினோம்.

இப்போது 10 மாதம் ஆகிறது. தூணைப் பிடிக்காமல் ஒற்றைக்காலில் 8 விநாடி நிற்கிறார் அப்பா. அதோ, மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து வருகிறார். இந்த வரப்பில் அவருக்குப் பின்னாலேயே நான் நடக்க வேண்டும், கேமராவை அணைக்கிறேன்.