அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள்

வணக்கம் நேயர்களே. நாவல்களில் வரும் காதல் காட்சி, படுக்கையறைக் காட்சி இவற்றைப் பற்றி வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் வானொலியில் பேசுகிற விஷயமா என்று உங்களில் சிலர் இந்நேரம் ஒலியைக் குறைக்கக் கை நீட்டியிருப்பீர்கள், கொஞ்சம் பொறுங்கள், நெளிய வைக்கும்படி எதையும் வாசித்துக் காட்டப் போவதில்லை. நாவல்களைச் செம்மையாக்கம் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் எழுதுகிறவர்களின் புலம்பலும் காதில் விழும், வாசிக்கிறவர்களின் புலம்பலும் விழும்.

வாசகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் இரண்டு கட்சியாகத்தான் பிரிவார்கள். ஒரு கட்சி, "இதெல்லாம் எதற்கு, கதையைச் சொல்லுங்கள்" என்பது. இன்னொரு கட்சி, "கொலையை மூன்று பக்கத்துக்கு ரத்தமும் சதையுமாக எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை, இரண்டு பேர் ஆசையோடு தொட்டுக்கொண்டால் மட்டும் என்ன வந்தது" என்பது. இரண்டாவது கட்சியின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் முதல் கட்சிக்காரர்களை இன்னும் கொஞ்சம் பேசவிட்டுப் பாருங்கள், அவர்களில் பாதிப் பேர் ஆபாசம் என்று சொல்லவே மாட்டார்கள். "போரடிக்கிறது, அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டேன், தள்ளியதால் கதையில் எதுவும் குறையவில்லை" என்பார்கள். எனக்கு இந்தப் புகார்தான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இது ஒழுக்கத்தைப் பற்றிய புகாரே இல்லை, எழுத்தைப் பற்றியது.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் வாசகரைப் பெரும்பாலும் கெட்டுப்போகக் கூடியவராகத்தான் பார்த்திருக்கின்றன. ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸின் லேடி சாட்டர்லி நாவல் 1928-ல் இத்தாலியில் தனிப்பட்ட பதிப்பாக வந்தது, முழுப் பதிப்புக்காக லண்டனில் வழக்கு நடந்தது 1960-ல். "உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்க விரும்புகிற புத்தகமா இது" என்று அரசு வழக்கறிஞர் ஜூரிகளைப் பார்த்துக் கேட்டது இன்றுவரை கேலியாகச் சொல்லப்படுகிறது. அந்த ஜூரியிலேயே பெண்களும் இருந்தார்கள்! அங்கே பதிப்பகம் விடுதலையானது. அதே நாவலை விற்றதற்காகப் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவருக்குக் கிடைத்த தண்டனையை இந்திய உச்ச நீதிமன்றம் 1964-ல் உறுதி செய்தது. சரி, அது சட்டத்தின் கதை, விட்டுவிடுவோம்.

நான் சொல்ல வந்தது அதற்கும் நூறு வருடம் முந்தைய ஒரு காட்சியை. மதாம் பொவாரி என்ற பிரெஞ்சு நாவல் 1856-ல் பத்திரிகையில் தொடராக வந்தபோது, ஒரு குதிரை வண்டிக் காட்சியைப் பத்திரிகைக்காரர்களே பயந்து வெட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் அதை எழுதிய ஃப்ளோபேர் மீது வழக்கும் வந்தது, விடுதலையும் ஆனார். அந்தக் காட்சியில் அப்படி என்னதான் இருக்கிறது? எம்மாவும் அவளுடைய காதலன் லியோனும் ஒரு வாடகை வண்டியில் ஏறுகிறார்கள். திரை இழுத்து மூடப்படுகிறது. அவ்வளவுதான், அதற்குமேல் நாம் உள்ளே போவதே இல்லை. வண்டி ருவான் நகரத்துத் தெருத்தெருவாக ஓடுகிறது, எங்கே போக வேண்டும் என்று கேட்டால் "உன் இஷ்டம்" என்பதுதான் பதில், நிறுத்தப் பார்த்தால் "போ, போ" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டுகிறது. வண்டிக்காரனுக்குத் தாகம், களைப்பு, அழுகையே வந்துவிடும் போலிருக்கிறது. நடுப்பகலில் ஒரு வெறுங்கை மஞ்சள் திரைக்கு அடியிலிருந்து நீண்டு கிழித்த காகிதத் துண்டுகளை எறிகிறது, அவை வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் போலப் போய் விழுகின்றன. கடைசியில் முகத்திரை போட்ட ஒரு பெண் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறாள்.

அந்தக் காகிதம் எது தெரியுமா? நமக்குள் இனி ஒன்றும் வேண்டாம் என்று அவள் அவனுக்கு எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதம். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் படித்தால் நாவல் புரியாது. அவள் முடிவு மாறியது இங்கேதான்.

இதை வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, மறைத்து எழுதினால்தான் அழகு" என்று உடனே தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைப்பதிலும் சோம்பேறித்தனம் உண்டு. விளக்கு அணைந்தது, அடுத்த பத்தியில் பறவைகள் கத்தின, பொழுது விடிந்தது. அந்த இரவில் அந்த இருவருக்கு நடுவில் ஏதோ மாறியிருக்கிறது என்றால், அதைக் காட்டாமல் ஓடுவது வாசகரை ஏமாற்றுவதுதான்.

என்னிடம் வந்த ஒரு கைப்பிரதியைச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பல வருடம் ஆன கணவன் மனைவி. வீட்டை விற்பதா வேண்டாமா என்று நாற்பது பக்கமாகச் சண்டை, அந்தச் சண்டை அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தது, குத்தல், பழைய கணக்கு, பாதியில் நிறுத்திய வாக்கியம் எல்லாம். திடீரென்று ஒரு படுக்கையறைக் காட்சி. அதில் எழுதியவர் கவிஞராகிவிட்டார். அலை எழும்புகிறது, மின்னல் வெட்டுகிறது, மலர் விரிகிறது, இருவருக்கும் முதுகு வலி இல்லை, நினைவு இல்லை, பெயர்கூட இல்லை. அது முடிந்ததும் மறுபடி சண்டை, விட்ட இடத்திலிருந்து. எழுதியவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: இவர்கள் சண்டைக்காரர்கள் ஆயிற்றே, கட்டிலில் அந்தக் கோபம் எங்கே போயிற்று? அவர் திருத்தி அனுப்பியதில் ஒரு அலையும் இல்லை. அவள் நடுவில், "தரகர்கிட்ட நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்கிறாள், கணவர் சிரித்துவிடுகிறார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பைவிட வெளிப்படையான காட்சிதான் அது, ஆனால் யாரும் அதைத் தள்ளிப் படிக்க மாட்டார்கள்.

அலை, மின்னல் வகையறாக்களுக்கென்றே ஒரு பரிசு இருந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லண்டனின் லிட்டரரி ரிவ்யூ பத்திரிகை, புனைகதையில் மிக மோசமாக எழுதப்பட்ட பாலுறவுக் காட்சிக்கு 1993-லிருந்து பரிசு கொடுத்தது, கடைசியாகக் கொடுத்தது 2019-ல். சிரிக்கலாம்தான். ஆனால் எந்தக் காட்சியையும் முன்னும் பின்னும் வெட்டி எடுத்து மேடையில் வாசித்தால் சிரிப்பாகத்தான் இருக்கும், நல்ல காட்சி உட்பட. அந்தக் கேலிக்குப் பயந்தே இந்தப் பக்கம் தலைவைக்காத எழுத்தாளர்கள் உண்டு.

இந்த விஷயத்தில் கறாரான வாசகர்கள் யார் என்றால், காதல் நாவல் மட்டுமே படிக்கிறவர்கள். அவர்களை லேசாக நினைத்துவிடாதீர்கள். படுக்கையறைக் கதவு மூடிய கதையா திறந்த கதையா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள், காட்சியின் காரத்துக்கு மிளகாய்ப் படம் போட்டு மதிப்பெண் கொடுப்பார்கள், முதல் முத்தம் எந்த அத்தியாயத்தில் என்று விவாதிப்பார்கள். முன்னூறு பக்கம் காத்திருக்க வைத்தாலும் கோபப்பட மாட்டார்கள், காத்திருந்தது வீண் என்று ஆனால்தான் கோபம். வள்ளுவருக்கு இது தெரிந்திருந்தது. காமத்துப்பாலில் 250 குறள், அதில் 180 கற்பியல், அதாவது மணவாழ்க்கையைப் பற்றிய பகுதி. அங்கே பெரும்பாலும் பிரிவு, ஏக்கம், கனவு, ஊடல்தான். காமத்துப்பால் முழுவதிலும் கூடிய மகிழ்ச்சிக்கென்று தனியாக ஒரே ஒரு அதிகாரம். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் அவர் சொல்வதும் படிக்கப் படிக்கத்தான் நம் அறியாமை தெரியவருவது மாதிரி, சேரச் சேர அவளைப் பற்றிப் புதிதாகத் தெரியவருகிறது என்பதைத்தான். என் வாசகர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதையே. இந்தப் பக்கத்தைப் படித்தபின் இவளைப் பற்றி எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது?

இளைஞர்களுக்கு இந்தக் காட்சிகளே பிடிப்பதில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 24 வயதுக்காரர்களில் 47.5 விழுக்காட்டினர் பெரும்பாலான படங்களுக்கும் தொடர்களுக்கும் இது தேவையில்லை என்றார்கள். அது திரையைப் பற்றியது, நாவலைப் பற்றியது அல்ல. அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நட்பைப் பற்றி இன்னும் காட்டுங்கள் என்றும் கேட்டார்கள். இரண்டு பேரை அறிமுகப்படுத்தினாலே கட்டிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அலுப்பு அது. அதைப் பழமைவாதம் என்று தூக்கி எறிய முடியாது.

பெண் வாசகர்களிடம் ஓயாமல் கேட்கும் ஒரு குறை இன்னும் இருக்கிறது. ஒரு பெண்ணின் மனதுக்குள்ளிருந்து சொல்லப்படும் கதையில், அவள் தன் உடம்பைக் கண்ணாடியில் பார்த்து வர்ணிக்க ஆரம்பித்துவிடுகிறாள், எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து எவனோ பார்க்கிற மாதிரி. எந்தப் பெண் அப்படிப் பார்த்துக்கொள்கிறாள்? அப்புறம், ஐம்பது வயதுக்காரர்களுக்கு நாவலில் நினைவுகள் மட்டும்தான், தொடுதல் கிடையாது. இதையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஒலிப்புத்தகம் வேறு வந்துவிட்டது. அச்சில் என்றால் கண் தானாகவே நாலு பத்தி தாண்டி இறங்கிவிடும், காதுக்கு அந்த வசதி இல்லை. நாலு பக்கக் காட்சி ஏழெட்டு நிமிடம் ஓடும், சமைத்துக்கொண்டோ பேருந்தில் நின்றுகொண்டோ அதை முழுசாகக் கேட்க வேண்டும். அதனால் எழுதுகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான், அந்தப் பகுதியை மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உரக்க வாசித்துப் பாருங்கள் என்கிறேன். முக்கால்வாசிப் பேர் மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டுப் பேனாவைத் தேடுகிறார்கள். நன்றி, வணக்கம்.